ஆடு தின்னாத செடி

“கயித்தை இறுக்கிப் புடி புள்ள! வுட்டா என் வேட்டியையும் தின்னுரும்!” என்று கத்தினார் அறிவியல் வாத்தியார் பச்சியப்பன்.

ஒன்பதாம் வகுப்பு ராஜமேரி ஆட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஆடு மேய்க்கும் ஆண்டியின் பட்டியிலிருந்து இரவல் வாங்கி வந்த வெள்ளாடு. வேப்பமரத்தடியில் நான்கு மண்சட்டிகளில் சாமந்தி, கனகாம்பரம், செம்பருத்தி, நித்தியகல்யாணி.

சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்த மறு வருடம் அது. மாணவர் கண்காட்சிக்காக ஆளுக்கொரு கேள்வி கொண்டுவரச் சொல்லியிருந்தார் பச்சியப்பன். ராஜமேரியின் முதல் கேள்விக்கு வகுப்பே சிரித்தது.

“ஞானஸ்நானம் வாங்காத கொழந்தைக்கு மோட்சம் உண்டுங்களா சார்?”

“அதை உங்க சாமியாரைக் கேளு. செஞ்சு பாத்து, கண்ணால பதில் தெரிஞ்சுக்கிற கேள்வியா கொண்டா. பதில் என்னவா இருக்கும்னு முன்னாடியே ஊகிச்சும் சொல்லணும்.”

மறுநாள் வேறு கேள்வியோடு வந்தாள். எந்தப் பூச்செடியை ஆடு தின்னாது? நித்தியகல்யாணியை என்பது அவள் ஊகம்.

“எதை வெச்சுச் சொல்றே?”

“கிள்ளினா பால் வருதுங்க சார். நாக்குல வெச்சுப் பாத்தேன், ஒரே கசப்பு.”

“சரி, ஆடு தின்னா உனக்கென்ன நஷ்டம்?”

“ரெண்டு வாட்டி சாமந்தி நட்டேங்க. ரெண்டையும் மொட்டையாக்கிட்டுப் போயிடுச்சு.”

வூட்டு வாசலில் பூந்தோட்டம் போடுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

இப்போது வேப்பமரத்தடியில் அவர் மடக்கினார். “வயிறு ரொம்பின ஆடு எதையும்தான் தின்னாது. உன் ஊகம் சரின்னு எப்படி நம்புறது?”

“காலையிலேர்ந்து பட்டினி போட்டிருக்கேனுங்க. நித்தியகல்யாணியைத்தான் மொதல்ல காட்டப்போறேன்.”

ஆடு மோந்து பார்த்தது. ஒரு தும்மல் தும்மி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மற்ற மூன்று சட்டிகளில் வெறும் தண்டுதான் மிஞ்சியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ராஜமேரி மட்டும் சிரிக்கவில்லை.

“ஒரு ஆடு போதாது” என்றார் பச்சியப்பன். அந்த வாரம் புதுச் செடிகளோடு வேறு ஆடுகளையும் விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட நித்தியகல்யாணியில் வாய் வைக்கவில்லை.

“பரிசு நமக்குத்தான்!” என்றார் தலைமையாசிரியர்.

கண்காட்சிக்குப் புறப்படும் காலையில் நித்தியகல்யாணிச் சட்டி வெறும் மண்ணோடு கிடந்தது. பள்ளிக்கூட வாசலில், செடியை ஈரச்சாக்கில் சுற்றி அணைத்தபடி போய்க்கொண்டிருந்தாள் ராஜமேரி.

“ஏ புள்ள! பஸ் வர்ற நேரத்துல செடியைப் புடுங்கிக்கிட்டு எங்க போறே?”

“கல்லறைக்குங்க சார். நாளைக்குக் கல்லறைத் திருநாள். இதுக்குத்தான் கண்டுபுடிச்சேன்.”

வாத்தியாருக்குக் கோபம் தலைக்கேறியது. “பொய் சொல்லாதே! உங்க கல்லறையைச் சுத்தி ஆள் உசரத்துக்கு மதில் இருக்குது. அங்க ஆடு எப்படி வரும்?”

“மதிலுக்கு வெளியங்க சார்.”

“வெளிய யாரு இருக்கா?”

சாக்கிலிருந்து உதிர்ந்த மண்ணை மீண்டும் வேரோடு சேர்த்து அழுத்தினாள் ராஜமேரி.

“எந்தம்பி சார். ஞானஸ்நானத்துக்கு முந்தியே செத்துட்டான். சிலுவை நடக் கூடாதாம்.”