நாலு கட்டம்

“வந்துட்டா பாரு மகராசி. அஞ்சாவது மாசமா விடாம வர்றா.”

பூங்கா வாரியத்தின் பொதுக் கூட்டத்தில், டெனீஸ் பக்கத்திலிருந்தவளிடம் முணுமுணுத்தாள். வாரியத்தின் குமாஸ்தா அவள். பேச வருகிறவர்களிடம் சீட்டு வாங்குவதும், ஆளுக்கு இரண்டு நிமிடம் முடிந்ததும் மணி அடிப்பதும் அவள் வேலை. சீட்டு சரியாக நிரப்பப்படவில்லை என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். இருபது வருடத்தில் அவள் வேலையில் ஒருவரும் குற்றம் கண்டதில்லை.

மகராசி என்றது வாண்டா நோவிக்கியை. எழுபது வயது. லிண்டன் சதுக்கத்துக்கு நேரெதிரே, இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருப்பவள். சதுக்கத்தில் இருக்கும் நான்கு பெஞ்சுகளையும் பிடுங்கிவிட வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, முந்நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தாள்.

போக்கிடம் இல்லாதவர்கள் படுப்பது அந்தப் பெஞ்சுகளில்தான். ‘சதுக்கம் எல்லோருக்கும்’ என்று எழுதிய வில்லை ஒன்று டெனீஸின் கோட்டில் எப்போதும் இருக்கும். வேலை நேரத்தில் மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள்.

வாண்டா ஒலிபெருக்கி முன்னால் நின்று தாளைப் பார்த்து ஒப்பித்தாள். “பாட்டிலு, குப்பை, நாத்தம். குழந்தைங்க அந்தப் பக்கம் போகவே பயப்படுது. பாதுகாப்பே இல்ல.”

“உங்க மெத்தையிலயா வந்து படுத்தாங்க?” பின்வரிசையிலிருந்து பஸ் ஓட்டும் லீராய் குரல் கொடுத்தான். “பனி கொட்டப் போகுது. ஒரு ராத்திரி தரையில படுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்!”

கூடம் கைதட்டியது. வாண்டா தாளை மடித்தாள்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும். நான் எதுக்காக இதை…”

மணி அடித்தது.

“நேரம் ஆயிடுச்சு. போய் உட்காருங்க,” என்றாள் டெனீஸ். அதைச் சொல்லும்போது அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

வாரியத் தலைவர் ஹட்சின்ஸ், உறுப்பினர்கள் தூக்கிய கைகளை எண்ணினார். நாலுக்கு மூணு. “பெஞ்சுகளை எடுக்கறதா முடிவாகுது. ஒரு வருஷத்துக்கு இதை யாரும் மறுபடி கிளப்ப முடியாது.”

“கட்டில் இருக்கறவங்க கையெழுத்துப் போட்டு, கட்டில் இல்லாதவன் இடத்தைப் புடுங்கிட்டீங்க. நல்ல ஜனநாயகம்யா!” லீராய் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

டெனீஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்நெஞ்சுக்காரி, நன்றாக இருப்பாளா என்று மனதுக்குள் சபித்தாள்.

அடுத்த மாதம் ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில் சதுக்கத்தின் வழியாகப் போனாள். பெஞ்சுகள் இருந்த இடத்தில் அறுத்துவிட்ட இரும்புத் துண்டுகள் மட்டும் சிமெண்டில் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே வாண்டா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு ஃபிளாஸ்க்கோடு.

டெனீஸால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“இப்ப திருப்திதானே உங்களுக்கு? கண்ணுக்கு லட்சணமா இருக்கா?”

“அந்தக் கடைசி பெஞ்சுலதான் படுத்திருப்பான்,” என்றாள் வாண்டா.

“யாரு?”

“என் பையன் ராண்டி. மூணு வருஷமா. நான் கிட்டப் போனா எழுந்து போயிடுவான். அதனால ஜன்னல்லேருந்தே பாத்துக்குவேன். படுக்க இடம் இல்லேன்னா வீட்டுக்கு வந்துடுவான்னு நெனச்சேன்.”

டெனீஸ் மெல்லக் கேட்டாள். “வந்தாரா?”

“இருபத்தாறு நாளாச்சு. எந்தப் பக்கம் போனான்னே தெரியல. தினம் சூப் போட்டு எடுத்துட்டு வந்து தேடறேன். முன்ன உயிரோட இருக்கான்னாவது தெரியும்.”

டெனீஸ் அவளருகே போனாள். “அய்யோ, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்களே, பேசிக் கூட்டிட்டு வந்திருப்பாங்க. பெஞ்சை ஏன் எடுக்கச் சொன்னீங்க?”

வாண்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

“ஜூன் மாசமே சீட்டுல எழுதிக் குடுத்தேனேம்மா. ‘பெஞ்சுல படுத்திருக்கறது என் மகன், வீட்டுக்கு வர வைக்க உதவி பண்ணுங்க’ன்னு. பாதுகாப்பு, சுத்தம், சத்தம், பழுது, இந்த நாலு கட்டத்துல ஒண்ணுல டிக் போட்டாத்தான் பேச விடுவோம்னு, படிக்காமலே திருப்பிக் குடுத்தது நீதானே.”