ஒண்ணாம் நம்பர் சீட்டு

"கையில குழந்தையே இல்ல, குழந்தை டாக்டர்கிட்ட உனக்கு என்னய்யா வேலை? சீட்டு வாங்கி விக்கறியா?"

போன திங்கட்கிழமை விடிகாலை, கிளினிக் வாசல் வரிசையில் முதலாவதாக நின்ற ஆளைப் பார்த்துக் கத்தியவன் நான்தான். மகள் ஆ-ரின் என் தோளில் இருமிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் டாக்ஸி ஓட்டுகிறவர். பிளாஸ்கிலிருந்து பார்லி டீயை ஊற்றிக் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் துறைமுக ஊரில் முன்பு மூன்று குழந்தை டாக்டர்கள். ஒரு குழந்தையைப் பார்க்க அரசுக் காப்பீடு கொடுக்கிற கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று இரண்டு பேர் சியோலுக்குப் போய், பணக்காரர்களின் முகச் சுருக்கத்துக்கு ஊசி போடுகிறார்கள். மிச்சம் இருப்பவர் ஒருவர். ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு.

ஏழு மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்தாள். ஒண்ணாம் நம்பர் அந்த ஆளுக்கு. எனக்கு முப்பத்தெட்டு.

"திருட்டுப் பய!" என்றேன். அவர் சீட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை, என் கருவாட்டுக் கடைக்கு நெத்திலி எடுக்கப் போன இடத்தில் பேரம் இழுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் ஆ-ரினுக்கு மூச்சு இரைக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நாப்பதும் முடிஞ்சுது. திங்கக்கிழமை வாங்க," என்றாள் நர்ஸ்.

"அதுவரைக்கும் மூச்சை நிறுத்தி வைக்கச் சொல்லவா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்மா!"

"சனிக்கிழமை அங்க குழந்தைங்களைப் பார்க்க ஆள் இல்லைங்க."

பெஞ்சிலிருந்து டாக்ஸிக்காரர் எழுந்து வந்தார். ஒண்ணாம் நம்பர் சீட்டை நீட்டினார்.

"கூப்பிட்டப்ப இல்லாத நம்பர், எப்ப வந்தாலும் உள்ள போகலாம். போங்க."

என் கை பழக்கத்தில் பைக்குள் போனது. "எவ்வளவு? அம்பதாயிரம் வோன் தரேன்."

"பேரம் பேசற நேரமாய்யா இது? முதல்ல புள்ளைய உள்ள கொண்டு போ!"

மருந்து ஆவி பிடித்து மகளுக்கு மூச்சு சீரான பிறகு வெளியே வந்தேன். அவர் காத்திருந்தார்.

"போன சனிக்கிழமை என் பையனுக்கு ஒருத்தர் இப்படித்தான் கொடுத்தார். நாப்பது முடிஞ்ச பிறகு தவிச்சு வர்ற குழந்தைக்குத்தான் ஒண்ணாம் நம்பர். சனிக்கிழமை வாங்கறவங்க, அடுத்த வாரம் பூரா வரிசையில நிக்கணும். அதான் விலை."

"அன்னிக்குத் திட்டினப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொன்னா அதுக்கும் ஒரு வரிசை போட்டுடுவீங்களே!"

இன்று திங்கள். மணி ஐந்து. கையில் குழந்தை இல்லாமல் முதலாவதாக நிற்கிறேன்.

"பாருங்கடி, சீட்டு விக்கறவன்!" என்கிறாள் பின்னால் ஒருத்தி.

நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சந்தையில் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்தக் காப்பீட்டுக் கட்டணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட அதிகாரியே, உங்களிடம் பேசாமல் இருக்க மாட்டேன். நானும் விலையை அடித்துப் பேசுகிறவன்தான். ஆனாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் சரக்கு சந்தைக்கே வராது என்று கருவாடு விற்கிற எனக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?

இங்கே எனக்கு விழுகிற திட்டெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியது. ஒரு நாள் ஐந்து மணிக்கு வந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது டாக்டரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்!