பெண் கேட்டு வந்தவர்

நிலக்காரர் ராஜாராம் தாம்பூலத் தட்டோடு வசந்த்குமார் வீட்டுக்கு வந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

“பொண்ணு கேட்டு வந்துகீறேன், வசந்து.”

“வெயிலே படாம வளத்தது ஐயா. தாங்காது,” என்றான் வசந்த்குமார்.

“தாலி கட்டினதும் நானே கொண்டாந்து வுட்டுர்றேன்.”

அவன் மனைவி பரிமளாவுக்குப் பொறுக்கவில்லை. “இதையெல்லாம் வூட்ல வளக்கிறாங்களேன்னு ஊரே சேந்து சிரிச்சீங்களே!”

ராஜாராம் தலைகுனிந்தார். “மழைக்குத் தவளைக் கல்யாணம் பண்ணியாவணும்மா. ஏரி, வயலு, எங்க தேடியும் ஒரு தவளை இல்ல. நாங்க அடிச்ச மருந்து அப்படி.”

கண்ணாடித் தொட்டியில் இருந்த சின்னத் தவளைகளில் ஒன்று மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனது.

“சரி, மாப்பிள எங்க கீறாரு?” என்று கேட்டாள் பரிமளா.

ராஜாராம் தொட்டியையே பார்த்தார்.

“அதையும் நீங்கதாம்மா குடுக்கணும்.”