கணக்கு டீச்சர் கதை படிக்கிறார்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளை வகுப்புத் தரையில் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. வாசிப்பு நேரம். பிள்ளைகளோடு டீச்சரும் கதைப் புத்தகம் படித்தே ஆகவேண்டும் என்பது இந்த மாதம் பள்ளியில் வந்த புது விதி. "கதை படிச்சா மார்க்கு வருமா?" என்று நூலக வகுப்பையெல்லாம் பிடுங்கிக் கணக்கு நடத்திவந்த கணக்கு டீச்சர், வேண்டாவெறுப்பாகக் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். இப்போது கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. மேசையில் டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. மணி அடிக்கிறது, அடுத்தது கணக்கு. பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காம்பஸ் டப்பாக்களை எடுக்க, வகுப்பு முழுக்கத் தகரச் சத்தம். டீச்சர் நிமிராமலே ஒரு விரலை உயர்த்துகிறார். "சத்தம் போடாதீங்க. இந்தப் பக்கம் முடியட்டும்." அதே புத்தகத்தைப் போன வாரம் படித்து முடித்த முதல் பெஞ்சுக்காரி மெல்ல எட்டிப் பார்க்கிறாள். டீச்சரின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கவிழ்ந்த படகின் படம். சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்தவளின் காதைக் கடிக்கிறாள்: "டப்பாவ உள்ள வைடி. அந்தப் பக்கத்தோட யாராலயும் நிறுத்த முடியாது."