சொந்தச் சம்பாத்தியம்

“இனிமே வராது. நீ எத்தனை தடவை பேங்குக்கு நடந்தாலும் வராது. நான்தான் நிறுத்தச் சொல்லிட்டேன்.”

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மனைவி ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டாள்.

“எதை?”

“அந்தக் கவர்மென்ட் உதவிப் பணத்தைத்தான். போன மாசமே ஆபீசுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்குச் சம்பளத்தை வாங்கிக்கிட்டு வந்து சொல்லலாம்னு வாயைக் கட்டிவெச்சிருந்தேன். நீ வாடின முகத்தோட வர்றதைப் பார்த்ததும் முடியலை.”

டிரைவர் சிரித்தார். லாரியை விட்டு இறங்கி வருடங்கள் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வலது கையும் காலும் அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. நாக்கு மட்டும் பெரிய மனது பண்ணித் திரும்பி வந்தது. இப்போதும் முதல் சொல்லுக்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் அப்புறம் பிரேக் கிடையாது. அதனால்தான் மனைவி படியேறும் சத்தம் கேட்டபோதே அந்த ‘இனிமே’யை உருட்டத் தொடங்கியிருந்தார்.

“யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?”

“யாரைக் கேக்கணும்? சம்பாதிக்கிறவன் நான். கவுன்டர்ல இருந்த பொண்ணும் உன்னை மாதிரிதான் பயந்தா. ‘சம்பளம் வந்தா உதவி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் ஐயா. முழுசா நிறுத்தவேண்டியதில்லை’ன்னா. மறுபடியும் வேணும்னா முதல்லேருந்து அலையணுமாம். வருஷக்கணக்காகுமாம். ‘பாதிப் பிச்சையும் பிச்சைதாம்மா’ன்னு சொல்லி இடது கையாலயே கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. இருந்தா என்ன, என் கையெழுத்து!”

“அவசரப்பட்டுட்டீங்களே…” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

டிரைவருக்குச் சுருக்கென்றது. பூரித்துப்போவாள் என்று நினைத்திருந்தார். அந்த நாட்களை இவள் மறந்துவிட்டாளா? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். உதவிப் பணம் வருகிற அன்றைக்குச் சோறு இறங்காது. மாத்திரைகளை விழுங்காமல் தலையணைக்கு அடியில் சேர்த்துவைத்திருந்ததை ஒருநாள் இவள் கண்டுபிடித்து ஓவென்று அழுதாள். இந்த உயிர் போதும் என்று அவர் முடிவு கட்டியிருந்த அந்தச் சமயத்தில்தான் தெருமுனை லாண்டரி முதலாளி தானாக வீடு தேடி வந்தார்.

“ஆள் கிடைக்காம திண்டாடுறேன் அண்ணே. தலையணை உறை மடிக்கிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அன்றைக்கு எழுந்தவர்தான். உறையின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இடது கையால் இழுத்து மடிக்கப் பழகினார். மனைவி அவர் சட்டைப் பொத்தான்களை அறுத்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்துக் கொடுத்தாள். அவரே உடுத்திக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, யார் துணையும் இல்லாமல் வேலைக்குப் போனார். முதல் சம்பளக் கவரிலிருந்து அவளுக்கு வாங்கிக் கொடுத்த செருப்புதான் இதோ, வாசலில் கிடக்கிறது.

“நீ நாலு வீடு துடைக்கிற காசு வாடகைக்கே சரியாப் போகுது, எனக்குத் தெரியாதா? அதான் என் சம்பளம் இருக்கே. இழுத்துப் பிடிச்சா ஓட்டிடலாம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உனக்கு என் சம்பளத்து மேல நம்பிக்கை இல்லை. அதானே?”

“அதை நம்பித்தாங்க நான் உயிரோட இருக்கேன்” என்றாள் அவள்.

“அப்புறம் என்ன? ஒரு தடவை கவர்மென்ட் பணம் லேட்டாச்சே, ஞாபகம் இருக்கா? அதே மாசம் பார்த்து நம்ம முதலாளியும் சம்பளத்தை இழுத்தடிச்சார். ‘ரெண்டு பேரும் பேசிவெச்சுக்கிட்டீங்களா?’ன்னு கேட்டேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை.”

அவளும் சிரிக்கவில்லை. “நாளைக்கு நான் அந்த ஆபீசுக்குப் போய்க் கையில கால்ல விழுந்து கேட்டுப் பார்க்கட்டுமா?”

“போ. போய் என் மானத்தைக் கப்பலேத்து. புருஷன் தலை நிமிர்ந்து நடக்கிறது உனக்குப் பொறுக்கலை.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அழுகிற சத்தம் வெளியே வராமலிருக்க அவள் செய்கிற வழக்கமான வேலை அது. டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குக் கவரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் சரியாகிவிடுவாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மேசைமேல் அவளுடைய செல்போன் அடித்தது. எட்டிப் பார்த்தார். லாண்டரி முதலாளி. நாளைக்குத் துணி அதிகம் போலிருக்கிறது, சீக்கிரம் வரச் சொல்லக் கூப்பிடுகிறார். அவசரத்துக்கு அவரைத்தானே தேடுகிறார்கள்! டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். வழக்கம்போல முதல் சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அதற்குள் முதலாளி தணிந்த குரலில் பேசத் தொடங்கிவிட்டார்.

“அக்கா, அண்ணன் பக்கத்துல இல்லையே? நாளைக்குச் சம்பள நாள். அண்ணன் கவர்ல வைக்கிற பணத்தை நீங்க இன்னும் கொண்டுவந்து குடுக்கலையே… கவர்மென்ட் பணம் இந்த மாசமும் லேட்டாக்கா?”