இப்போ தெரியுதா?

டிவியில் பழைய ஒளிபரப்பு நின்றதும் ஆன்டெனாவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டோம். அதை ஏறித் திருப்பிவைக்கும் அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். ஆனாலும் அந்த டிவியைப் போட்டால் மொட்டைமாடியிலிருந்து அவர் குரல் கேட்கும்.

"இப்போ தெரியுதா?"

"இல்லீங்க, புள்ளிபுள்ளியாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் திருப்புங்க" என்பாள் அம்மா, வெங்காயம் உரித்தபடியே.

போன மாதம் டிவி படுத்துவிட்டது. சரிசெய்த மெக்கானிக் ஒரு டிவிடி பிளேயரை மாட்டினார். படம் வந்தது. மேலிருந்து கேள்வியும் வந்தது.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "பளிச்சுன்னு தெரியுது சார், இறங்கி வாங்க!" என்று கத்திவிட்டார் மெக்கானிக்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. அம்மா பாய்ந்து டிவியை அணைத்தாள். சத்தம் பாதிப் படியில் நின்றது.

இப்போதெல்லாம் துணி காயப்போடப் போகும்போது, அந்த இடத்தில் சுவரோரமாக ஒதுங்கித்தான் ஏறுகிறோம்.