கரைய வேண்டிய கொழுப்பு

வாழைக்காய் பஜ்ஜித் தட்டை ஜெகன் தள்ளிவைத்ததும் சுலைமான் சிரித்துவிட்டான். பொண்ணு பார்த்துவிட்டார்கள், மாப்பிள்ளை இளைக்கிறார் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

இருவரும் மண்ணூர்பேட்டையில் ஒரே லேத் பட்டறையில் வேலை. சமீபகாலம் வரை கோதண்டத்தின் கடையில் ஒரே தட்டில் பஜ்ஜி தின்றவர்கள். இப்போது ஜெகன் சுண்டலும் மோரும் தவிர எதையும் தொடுவதில்லை. வேலை முடிந்தால் பஸ் ஏறாமல் அம்பத்தூர் வரை வேகவேகமாக நடக்கிறான்.

பொண்ணு யாரென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

கோதண்டத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. எண்ணெயை அடியோடு விட்டால் ஹார்மோனெல்லாம் கெட்டுப்போகும் என்று நர்சிங் படிக்கும் அவர் மகள் சொல்லியிருந்தாள்.

"இப்படிக் காஞ்சுகினு மெஷின் ஓட்றியே, தெம்பு எங்கேந்து வரும் நைனா?"

"டாக்டரும் அதுக்குத்தான் திட்னாரு அண்ணாத்தே. ஒரு ஸ்பூனாவது ஊத்திக்கச் சொன்னாரு. ஆனா பசியில கெடந்தா, உள்ள சேந்து கீற கொழுப்ப உடம்பு எடுத்து எரிக்குமாம். எனக்கு அவசரம்."

சுலைமான் விடவில்லை. எடை மெஷினில் ஏறிப் பார்க்காமல் ஸ்கேன் எடுக்க ஓடுகிற மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெகன் ஓடிவந்து கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். கொழுப்பு கரைந்துவிட்டதாம், டாக்டர் போதும் என்றுவிட்டாராம், நாள்கூடக் குறித்தாகிவிட்டதாம். அன்று கடையில் எல்லாருக்கும் அவன் டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த வாரம் முழுக்க ஆளைக் காணவில்லை. தாடியும் வாடிய முகமுமாக அவன் திரும்பி வந்த அன்று, சுலைமான் தன் டிபன் பாக்ஸிலிருந்த பிரியாணியை அவன் முன்னால் தள்ளினான். ஜெகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நெய் மினுங்கும் சோற்றை அள்ளி அள்ளி வாயில் போட்டான். மென்றதாகத் தெரியவில்லை.

"இன்னா மாமே, எங்களக் கூப்பிடாமயே கல்யாணத்த முடிச்சிகினியா?"

ஜெகன் தலை நிமிரவில்லை.

"என் ஈரல்ல பாதிய வெட்டி எங்க அக்காவுக்கு வெக்கறதா இருந்துச்சு. அதுல கொழுப்பு கீது, கரைச்சிகினு வான்னாங்க."

சுலைமான் தண்ணீரை நீட்டினான்.

"கரைச்சிட்டேன் சுலைமான். அதுக்குள்ள அவ பூட்டா."